இடம்: சேலம்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
ஜூஸ் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவே
ஆறடி அகலம் என் கடை.
பயோடேட்டா பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
போட்டோ சேர்த்தால் பத்து கூட.

திங்கட்கிழமை, ஓசூர் பஸ் ஏறுவதற்குள்
எட்டுப் பேராவது வந்துவிடுவார்கள்.
எல்லோருக்கும் ஒரே ஃபைல்தான்.
திறப்பேன். பெயரை மாற்றுவேன்,
அப்பா பெயரை, பிறந்த தேதியை.
புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணி வேண்டி
இங்கிலீஷில் தொடங்கும் முதல் வரியை
யாரும் தொட்டதில்லை. நானும்தான்.
கல்குவாரியில் கம்ப்ரசர் ஓட்டியவனுக்கும் அதே சவால்,
பி.எட். முடித்தவளுக்கும் அதே புகழ்.

முனிலட்சுமி வந்தது மே மாதக் கடைசியில்.
பர்கூர் பக்கம் ஊர், வயது முப்பத்தொன்று.
ஸ்கிரீனில் முதல் வரிமேல் விரல் வைத்து
இது என்ன என்றாள். படித்துச் சொன்னேன்.
'நான் சவால் கேக்கலைங்க, ஷிப்ட்டு கேக்கறேன்.
எடுத்துடுங்க.'
எடுத்தால் பக்கம் மொட்டையாக இருக்கும் என்றேன்.
'இருக்கட்டும்.'

பொழுதுபோக்கு: தோட்டக்கலை
என்ற இடத்தில் சிரித்துவிட்டாள்.
அதையும் எடுத்தேன்.

பிறகு அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்.
மாங்கூழ் ஃபேக்டரி, சூப்பர்வைசரோடு சண்டை,
கல்யாணம், டிப்பர் லாரி, கணவரின் கால்,
தருமபுரி ஆஸ்பத்திரியில் பதினேழு நாள்.
இரண்டரைப் பக்கம் ஓடியபோது
கரண்ட் போனது.
யூபிஎஸ் செத்து ஒரு வருஷம்.
சேவ் பண்ணவில்லை என்று
அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பது நிமிஷம். எதுவும் பேசவில்லை அவள்.
விளக்கு எரிந்ததும்
எண்ணி வைத்ததுபோல் சொன்னாள்:

'மாங்கூழ் லைன். தரம் பாக்கற வேலை. மூணு சீசன்.
ஒரு ஷிப்ட்டுக்கு நாப்பது டன் பெங்களூரா.
பிரிக்ஸ் பதினாலுக்குக் கீழ இறங்கினப்ப
ரெண்டு தடவை பெல்ட்டை நிறுத்தினேன்.
ரெண்டு தடவையும் சரியாத்தான் நிறுத்தினேன்.'

கடைசி வரியையும் போடவா?
'அதுதானே வேலை.'

மொழிகள் என்றேன்.
வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ்,
சந்தையில் கன்னடம், லைனில் இந்தி.
ஒடியாவில் 'கை பத்திரம்' மட்டும் சொல்லத் தெரியுமாம்.
அதற்கு என் ஃபைலில் கட்டம் இல்லை.
ஒன்று போட்டேன்.

நடுவில் நான்கு வருஷம் சும்மா கிடந்தது.
தேதி போடாமல் விட்டால் தெரியாது,
எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று
என் தொழில் ரகசியத்தை இலவசமாகச் சொன்னேன்.
'கேப்பாங்க. அங்க போய் முழிக்கறதுக்கு
இங்கயே எழுதிடுங்க.
வீட்டுக்காரருக்கு அடிபட்டது, பாத்துக்கிட்டேன்.
இப்ப அவர் நடக்கறார்.'
அவர் நடப்பதை எதற்கு எழுதுவது?
'அப்பத்தான் நான் லீவு போடமாட்டேன்னு
புரியும்.'

ஒரே பக்கம் வந்தது.
பிரிண்டர் சூட்டோடு வாங்கி
மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள்,
வேகமாக, உதடு அசையாமல்.
அடியில் போய் நின்றது விரல்.

'இடம் சேலம்னு இருக்கே?'

பார்த்தேன்.
மேலே கூறியவை யாவும் உண்மை என
உறுதியளிக்கிறேன்.
இடம்: சேலம்.
ஐந்து வருஷத்துக்கு முன்
அந்த ஃபைலில் முதலில் யாருக்கு அடித்தேனோ
நினைவில்லை.
காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, வேப்பனப்பள்ளி,
அஞ்செட்டி மலையிலிருந்து இறங்கி வந்த பையன்,
எத்தனை பேர் அதன் கீழே
அழகாகக் கையெழுத்துப் போட்டார்கள்,
எத்தனை மேஜையில் யார் யார் அதைப் பார்த்து
அடுத்த தாளை எடுத்தார்கள்.

திருத்தி மறுபடி அடித்துக் கொடுத்தேன்.
முப்பது ரூபாயை எண்ணி வைத்தாள்.
'முதல் காப்பிக்குக் காசு கிடையாது.'

அந்தத் தாளைக் கசக்கவில்லை.
மடிக்காமல், தனியாக,
மேஜையின் இடது ஓரத்தில்
ஒதுக்கி வைத்துவிட்டுப் போனாள்.